மேனினைப்பு

ஒத்தக்கடை, உயர்நீதிமன்றக் கிளை.
மொழிபெயர்ப்புப் பிரிவில் மூன்றாவது மேசை என்னுடையது.
ஜன்னலை அடைத்துக்கொண்டு யானைமலை படுத்திருக்கும்.
இந்த வாரம் வந்த கட்டு நூற்றுப் பதினாறு பக்கம்.
மேலூர்ப் பக்கத்து வழக்கு, மேல்முறையீடு.
வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் வேண்டும்.

பதினோராம் பக்கத்தில் மூன்றாம் சாட்சி:
"அவனுக்குத் திமிருங்கய்யா.
எங்க தெரு டீக்கடை பெஞ்சுல
கால் மேல கால் போட்டு உக்காந்தான்.
பெரிய நெனப்பு அவனுக்கு."

அவன் பெயர் வளவன். வயது இருபத்துமூன்று.
வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை,
நாள் முழுக்க முட்டி போட்டு.
மூன்று பேர், இரண்டு அரிவாள், ஒரு கால்.

திமிர்.
எல்லோரும் போடுகிற ஆங்கிலச் சொல்லைத்தான்
முதலில் போட்டேன்.
கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றது அது.
அந்த பெஞ்சில் அதற்கு உட்காரத் தெரியவில்லை.
கொழுப்பு, மண்டைக்கனம், தெனாவெட்டு, ஏத்தம் என்று
நம்மிடம் இத்தனை கிடக்க
அவர்களிடம் ஒன்றுகூடவா இருக்காது?
முதுகு பிய்ந்த பெரிய அகராதியை இறக்கித்
தூசு தட்டினேன். தும்மினேன்.

சர்க்விட்ரி.
அதன் முன்னால் சின்னதாக ஒரு குத்துவாள் அச்சிட்டிருந்தது.
செத்த சொல்லுக்கு அப்படித்தான் குறி போடுவார்களாம்.

குதிரைகளோடு கடல் தாண்டி வந்து
இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் பேச்சு.
பிரெஞ்சில் ஒரு பாதி 'மேல்', மறு பாதி 'நினை'.
தன்னைத் தானே மேலே நினைத்துக்கொள்வது.
நம் சந்தியில் சேர்த்துப் பார்த்தேன்: மேனினைப்பு.
அடேயப்பா,
மேலூர்க்காரர் கூண்டில் சொன்ன அதே 'நெனப்பு'
கோட்டையும் கவசமுமாக
எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நிற்கிறது.

அந்தக் காலத்தில் அங்கேயும் கோர்ட் பாஷை வேறு.
உழுகிறவன் ஒன்றில் அழுவான்,
வக்கீல்கள் இன்னொன்றில் வாதாடுவார்கள்.
நடுவில் என்னைப் போல் ஒருத்தி இருந்தாளா,
அகராதியில் இல்லை.

எழுத்து ஒரு நிலையில் நிற்காமல்
பத்துப் பன்னிரண்டு விதமாய் எழுதப்பட்டு
முந்நூறு நானூறு வருஷம் நடமாடிவிட்டுச்
சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கிறது.

சம்சுதீன் அண்ணனிடம் காட்டினேன்.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எல்லாஞ் சரிம்மா.
யாரு, யாரப் பாத்துச் சொன்னது?"

மறுபடி உதாரணங்களைப் படித்தேன்.
கவிழப்போகிற அரசர்கள்.
வானத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதன்.
சபையில் மார்தட்டும் பிரபுக்கள்.
முட்டி போட்டு வேலை செய்கிறவன்
ஒருவன்கூட இல்லை.
பெஞ்சும் இல்லை.

ஆக, இந்தச் சொல்லை
நான் பதினோராம் பக்கத்தில் வைத்தால்
அது வளவன் மேல் உட்காராது.
எழுந்து, சாட்சிக் கூண்டு வரைக்கும் போய்
மூன்றாம் சாட்சியின் தோளில் கை போடும்.
அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.
சம்பளமும் அதற்கு இல்லை.

பிரிவு அலுவலர் தேவசகாயம் எட்டிப் பார்த்தார்.
"நீதியரசர் அகராதி தேடணுமாக்கும்?
சாதாரணமா போடுங்கம்மா."
கோட்டு போட்டதையே போட்டேன்.

எழுபத்துநாலாம் பக்கம்.
வளவன் ஊன்றுகோலோடு கூண்டேறியிருக்கிறான்.
எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை.
கேள்வியும் பதிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

"சம்பவத்தன்று உனக்குத் திமிர் இருந்ததுதானே?"

"அன்னிக்கு இல்லீங்க சார்.
இப்பத்தான் இருக்கு.
முட்டிக்குக் கீழ, விரல் வரைக்கும்.
ஊசி வெச்சுக் குத்துனாலும் தெரியல."

ஒரே சொல், இரண்டு தடவை.
மணி நாலே முக்கால்.
மலை இன்னும் படுத்தே கிடக்கிறது.
அகராதியைத் திரும்ப இறக்குகிறேன்.